லொறிக்குள் ஒரு கோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. கடைசிக் காம்பரா எங்களுடையது. லயம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி வருகிறது. முதல் காம்பராவில் சட்டி கழுவினால்கூட அந்தத் தண்ணீர் எங்கள் சுவரைத் தொட்டுத்தான் போகும். பின்னால் ஓடும் கழிவுத் தண்ணீர்க் கான் எங்கள் சுவரோரம் வந்து திரும்பி, ஒரு சீமெந்துக் குழாய்க்குள் நுழைந்து, நடைபாதைக்கு அடியால் ஆற்றுப் பக்கம் போகிறது.

லயத்துக்கு மேலே எல்கடுவ ரோட்டு. சனி, ஞாயிறென்றால் நீர்வீழ்ச்சி பார்க்க வேன் வேனாக ஆட்கள் வருவார்கள். வளைவில் நிறுத்தி மலையைப் படம் எடுப்பார்கள். குடித்த போத்தலைக் கீழே எறிவார்கள். போத்தல் தேயிலைக்குள் உருண்டு கானுக்குள் விழும். மழை வந்தால் அத்தனையும் எங்கள் குழாய் வாயில் வந்து நிற்கும். எங்கே போட்டாலும் முடிவில் எங்கள் வீட்டு விலாசம்தான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை செய்தவர். ஏழு வருசத்துக்கு முன் முதுகில் டாங்கியோடு சரிவில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கட்டிலில் சாய்ந்து இருப்பார். ரேடியோ கேட்பார்.

போன வருசத்துக்கு முந்தின ஐப்பசி. நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் பெய்த மழைதான். குழாய் அடைத்துக்கொண்டது. கானில் இருந்த அழுக்கெல்லாம் எங்கள் காம்பராவுக்குள் ஏறியது. நான் ஓடி வந்து பார்க்கும்போது கட்டில் கால் பாதி தண்ணீரில் நிற்கிறது. என் செருப்பு இரண்டும் மிதந்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தன.

"செருப்பு போகுது புள்ள" என்றார். 

என்னால் தனியாக அவரைத் தூக்க முடியாது. நாலாம் காம்பரா மதினி வந்தாள். என் வயதுக்காரி. வாய் நீளம், கையும் பலம். இரண்டு பேருமாக அவரைத் தூக்கி அவள் காம்பராவில் கொண்டுபோய்க் கிடத்தினோம். மூன்று நாள் அங்கேதான். திரும்பி வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார், "அடுத்த தடவ என்னைய விட்டுரு. ரேடியோவத் தூக்கு."

நான் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் கிடந்து குடைந்தது. ஐப்பசி வருசம் தவறாமல் வரும். ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீர் இன்னும் இரண்டு சாண் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் குழாய்க்குள் கையை விட்டு இழுத்தேன். ஒரு உரப்பை நிறையும். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எரித்தால் புகை எங்கள் காம்பராவுக்குள்தான் வரும். எழுந்து வெளியே போக முடியாதவர் உள்ளே இருக்கிறார். அதனால் எரிப்பதை விட்டேன். மற்றவர்களையும் எங்கள் பக்கம் எரிக்க விடவில்லை. பலாபத்வலயில் இருந்து பழைய சாமான் எடுக்கிறவர் ஒரு தடவை ஓட்டோவில் வந்தார். இரும்பை எடுத்தார், சாராயப் போத்தலை எடுத்தார். பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, இது முழுக்கக் காத்து அக்கா, காத்தை ஏத்திக்கொண்டு இந்த வளைவெல்லாம் இறங்க முடியாது என்று போய்விட்டார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மிஸ் வந்தார்.

மாத்தளை டவுன் பிள்ளை. மெலிந்த உடம்பு, தலையில் முக்காடு, கையில் ஒரு கொப்பி. ஒரு பானக் கம்பனியில் வேலை. காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். கம்பனி விற்ற போத்தலைக் கம்பனியே திரும்ப எடுக்கப் போகிறது, உங்கள் தோட்டத்தில் செய்து பார்க்க வந்திருக்கிறோம் என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்படி எத்தனையோ பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டேன். எழுந்து நின்ற பிறகுதான் நின்றது தெரிந்தது.

"மிஸ், நான் பறிச்ச கொழுந்துல முத்தல் கெடந்தா நிறுக்கிற மடுவத்துல என் முன்னாடிதான் கொட்டுவாங்க. பக்கத்து நெரைக்காரி முன்னாடி கொட்ட மாட்டாங்க. ஒங்க போத்தல மட்டும் ஏன் இத்தன வருசமா எங்க வாசல்ல கொட்டுறீங்க?"

யாரோ பின்னால் என் சேலையை இழுத்தார்கள். மிஸ்சுக்குக் கோபம் வரவில்லை. நான் சொன்னதைக் கொப்பியில் எழுதினார். எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தார்.

"அதுக்குத்தான் அக்கா வந்திருக்கேன். செஞ்சவங்க, வித்தவங்கதான் பொறுப்புன்னு இப்ப எல்லா எடத்துலயும் பேச்சு வந்திருச்சு. இனிமே அது எங்க வேல."

எனக்குச் சந்தோசம் வந்தால் பேச்சு வராது. உட்கார்ந்துவிட்டேன்.  எங்கள் குழாயை அடைக்கிற பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் வந்து, ஆமாம் என்னுடையதுதான் என்று சொல்கிறார். நான் அதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை.

மிஸ் ஒரு நிபந்தனை சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன லொறி வரும். அதன் பெட்டிக்குள் பக்கப் பலகையில் ஒரு கோடு போட்டிருக்கும். கம்பனியின் சொந்தப் போத்தல் அந்தக் கோடு வரை நிறைந்தால், லொறி மாதம் ஒரு தடவை வரும். மற்றக் கம்பனிப் போத்தலையும் கோட்டுக்கு மேலே ஏற்றிக்கொள்ளும். நிறையாவிட்டால் லொறி வேறு தோட்டத்துக்குப் போய்விடும். போத்தல் சுத்தமாக இருக்க வேண்டும்.

சுத்தமாக. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் வந்தது.

நாங்கள் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்தோம். வேலை விட்டு வந்து கொஞ்ச நேரம். ஞாயிற்றுக்கிழமை நீர்வீழ்ச்சி வரை ரோட்டோரமாகப் போவோம். முதுகில் கொழுந்துக் கூடை. கொழுந்து பறிக்கிற மாதிரியே நிரை பிடித்து இறங்கினோம், ஆளுக்கு ஒரு நிரை. பார்க்க வந்தவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள். மதினி ஒருவரிடம் நேராகப் போய், படத்தை எடுத்துட்டுப் போத்தலக் குடுத்துட்டுப் போங்க தம்பி என்றாள். அவர் பாதி குடித்ததை முழுதும் குடித்துவிட்டுக் கொடுத்தார்.

அந்த இரண்டு மாதமும் எனக்குக் கால் வலி தெரியவில்லை. மலையில் நிற்கும்போதும் மனம் கோட்டில்தான் இருக்கும். கோடு எவ்வளவு உயரம், முழங்கால் வரையா, இடுப்பு வரையா. மிஸ் கையால் காட்டியதை நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

சுத்தம் என்றால் எங்களுக்கு என்ன? கொழுந்து மடுவத்தில் கற்றதுதான். கொழுந்தில் ஈரம் இருந்தால் நிறையில் கழிப்பார்கள். காம்பு நீண்டால் கழிப்பார்கள். முத்தல், தளிர் விடாத வங்கி இலை, சருகு இருந்தால் கூடையைக் கவிழ்த்துப் பொறுக்கச் சொல்வார்கள். கொழுந்து கொழுந்தாக மட்டும்தான் இருக்க வேண்டும். போத்தலையும் அப்படித்தான் செய்தோம். தண்ணீர் வடிய வேலிக் குச்சியில் தலைகீழாகக் குத்தினோம். மூடியைக் கழற்றி வேறு பையில் போட்டோம். கழுத்து வளையத்தைக் கத்தி முனையால் எடுத்தோம். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் ஊறப்போட்டு லேபலை உரித்தோம். பசை ஒட்டிய இடத்தைச் சாம்பல் போட்டுத் தேங்காய்மட்டையால் தேய்த்தோம். ஒரு சொட்டு, ஒரு கீறல், ஒரு எழுத்து இல்லை. வெயிலில் வைத்தால் பை முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னும்.

மதினி ஒரு போத்தலைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துச் சொன்னாள், "எம் பல்லக்கூட நான் இப்பிடித் தேச்சதில்ல."

உரித்த லேபலை அடுப்புக்குள் போடக் கூடாது என்று நான்தான் சொன்னேன். புகை. வெளியே எறிந்தால் பறந்து மறுபடி கானுக்குள் விழும். அதனால் எல்லார் லேபலையும் நானே வாங்கி உரப்பையில் அடைத்தேன். அழுத்தி அழுத்தி அடைத்து இரண்டு பை நிறைந்தது. ஒன்றை வாசற்படியில் வைத்தேன், மழைக்கு அணையாக. மற்றதை வீட்டுக்காரர் முதுகுக்கு வைத்தேன். அவருக்கு அது பிடித்துப் போயிற்று. பஞ்சு கட்டி கட்டியாகப் போகும். இது போகவில்லை. சாய்ந்தால் சரசர என்று ஒரு சத்தம், பிறகு உடம்புக்கு இடம் கொடுத்துவிடும். ஏழு வருசத்தில் முதல் தடவையாக முதுகு வலிக்கவில்லை என்றார். அப்படிச் சொல்லுகிற ஆள் இல்லை அவர்.

லொறி வரும் ஞாயிறு விடிந்தபோதே லயம் முழித்துவிட்டது. பிரட்டுக்களத்தில் உரப்பைகளை அடுக்கினோம். அத்தனை பை சேர்ந்தது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.  வளைவில் லொறி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. மதினி என் கையைப் பிடித்தாள். 

லொறி வந்து திரும்பி நின்றது. பின்பலகையைத் திறந்தார்கள். உள்ளே கோடு. சிவப்புச் சாயத்தால் போட்டது. என் நெஞ்சு உயரம். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட. ஆனாலும் பைகளைப் பார்த்தேன். வரும் என்று பட்டது.

மிஸ் முதல் பையை அவிழ்த்தார். கையை விட்டு ஒரு போத்தல் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவது எடுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது அப்படியே நின்றுவிட்டது.

"லேபல் எங்கக்கா?"

சுத்தம் செய்துவிட்டோம் என்றேன்.

மிஸ் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மெதுவாகச் சொன்னார். லேபலில்தான் கம்பனிப் பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால்தான் அது இன்னாருடையது என்று எழுத முடியும். வெறும் போத்தல் யாருடையதும் ஆகலாம். யாருடையதும் ஆகலாம் என்றால் யாருடையதும் இல்லை. கீழே கொண்டுபோனால் ஒன்றுகூட எங்கள் கம்பனிக் கணக்கில் ஏறாது. உரிப்பீர்கள் என்று நினைக்கவே இல்லை, பிழை என்னுடையது என்றார்.

 ஆறாம் காம்பராப் பெண் அழத் தொடங்கினாள். லொறி டிரைவர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். மூன்று மணிக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்குப் பிறகு வளைவில் பனிமூட்டம் விழும் என்றார். அவர் தேவை அவருக்கு.

இன்னொரு நாள் வர முடியாதா என்று மதினி கேட்டாள். இந்த ஒரு ஓட்டத்துக்குத்தான் கையெழுத்து வாங்கினேன், வெறும் லொறியாகப் போனால் அடுத்ததற்கு யாரும் போட மாட்டார்கள் என்றார் மிஸ்.

எனக்குக் கட்டில் கால் ஞாபகம் வந்தது. தண்ணீரில் பாதி நின்ற கட்டில் கால்.

"லேபல் இருக்கு" என்றேன்.

மிஸ் நிமிர்ந்தார்.

"எரிக்கல. வீசல. அத்தனையும் பையில இருக்கு மிஸ்."

நான் ஓடினேன். என் வயதில் அப்படி ஓடக் கூடாது. வாசற்படியில் இருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினேன். மற்றப் பையை எடுக்கவில்லை. ஒன்று போதும் என்று நினைத்தேன். போத வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மிஸ் பைக்குள் கையை விட்டு அள்ளினார். மஞ்சள் லேபல் அவர்கள் கம்பனியுடையது. நீலமும் பச்சையும் வேறு கம்பனிகள்.  பிறகு, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். போனுக்குச் சிக்னல் கோயிலுக்கு மேலே இருக்கிற கல்லில்தான் கிடைக்கும். நான் முன்னால் ஏறினேன். மிஸ் டவுன் செருப்போடு என் பின்னால் ஏறி வந்தார். கல்லில் நின்று சிங்களத்தில் பேசினார். மறுபக்கம் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்காது. மிஸ்சின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓம் என்றார். இல்லை என்றார். எங்கள் கொழுந்து மடுவத்தைப் பற்றிச் சொன்னார், அது எனக்கு விளங்கியது. இவர்கள் நம்மைவிடச் சுத்தமாகச் செய்துவிட்டார்கள் சேர் என்றார், அதுவும் விளங்கியது. பிறகு நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 

போனை வைத்தார். "ஒவ்வொரு போத்தலுக்குள்ளயும் அதோட லேபல் இருக்கணும். ஒரு போத்தலுக்கு ஒண்ணு. போத்தலும் எங்க போத்தலாவே இருக்கணும். கீழ பத்துப் பையத் தெறந்து பாப்பாங்க. வேற கம்பனிப் போத்தல் ஒண்ணு வந்தாலும் முழு லொறியும் கழிவு. முடியுமாக்கா?"

மணி பதினொன்று தாண்டியிருந்தது.

இறங்கி வந்து சொன்னேன். ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. பைகளைப் பிரட்டுக்களத்தில் கொட்டினோம். படங்குச் சாக்கை விரித்தோம். மஞ்சள் லேபலை ஆறு பேர் பிரித்தார்கள். மற்றவர்கள் போத்தல் பிரித்தோம்.

மிஸ்சுக்கு அங்கேதான் பயம். எல்லாம் வெறும் போத்தல், எப்படித் தெரியும் என்று கேட்டார். மதினி இரண்டு போத்தலை முதுகுக்குப் பின்னால் வைத்து, மாற்றி மாற்றிக் கையில் பிடித்தாள்.

"இது ஒங்களோடது மிஸ். இடுப்புல ஆறு வரி. அடியில அஞ்சு கால். இது நீலக்காரனோடது. இடுப்பே இல்ல, எங்க சங்கத் தலைவர் மாதிரி."

மிஸ் அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் கொழுந்தைப் பார்த்துப் பறிக்கிறதில்லை. கண் அடுத்த செடியில் இருக்கும், விரல் இந்தச் செடியில் இருக்கும். முத்தல் எது, தளிர் எது என்று விரல் சொல்லும். இரண்டு மாதம் தேய்த்துத் தேய்த்து அந்தப் போத்தலும் விரலுக்குப் பழகிவிட்டது.

பிறகு பேச்சு இல்லை. கை மட்டும்தான். லேபலைச் சுருட்டு, வாய்க்குள் தள்ளு, மூடியைப் போடு, பைக்குள் போடு. மூடிப் பை வேறாக இருந்தது நல்லதாகப் போயிற்று. முதலில் தடுமாறினோம். பத்து நிமிசத்தில் விரல் பழகிவிட்டது. பதினெட்டுப் பேர் கையும் ஒரே தாளமாக ஓடியது. மலையில் நல்ல தளிர் நாளில் அப்படி ஒரு வேகம் வரும். யாரும் யாரையும் பார்க்க மாட்டோம், ஆனால் யார் பிந்துகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆறாம் காம்பராப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு எல்லாரையும் முந்திக்கொண்டிருந்தாள். ஒரு நீலக்காரன் போத்தல் என் கைக்கு வந்தது. பார்க்காமலே பின்னால் எறிந்தேன். டிரைவர்கூட இறங்கி வந்து பை பிடித்தார்.

பை நிறைய நிறைய லொறிக்குள் ஏற்றினார்கள். கோட்டை நான் பார்க்கவில்லை. பார்த்தால் கை நிற்கும்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி லேபல் பையைக் கவிழ்த்துத் தட்டினார்கள். ஒன்றும் விழவில்லை. எல்லார் கையும் நின்றது. மிஸ் லொறிக்குள் ஏறிப் பார்த்தார். பையெல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றன. களத்தில் வெறும் போத்தல் இன்னும் குவியலாகக் கிடந்தது, அவர்கள் கம்பனிப் போத்தல்தான். லேபல் இல்லை.

"இன்னும் லேபல் இருக்காக்கா?"

மதினி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.  வாய் நீளக்காரி, அந்த நேரம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

நான் லயத்துக்குப் போனேன். இந்தத் தடவை ஓடவில்லை.  ஏழு வருசத்தில் அவருக்கு ஒரு சுகம் கிடைத்தது. அதை உருவ வேண்டும்.

காம்பராவுக்குள் போனால் அவர் சாய்ந்து இருக்கவில்லை. கட்டிலுக்கு மேலே தொங்குகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ. பிரட்டுக்களத்துச் சத்தமெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"வருவேன்னு தெரியும்" என்றார். "எடு."

"முதுகு?"

"முதுகு எங்க போகப் போகுது. எடு புள்ள."

பையை இழுத்தேன். சரசர என்றது. தலையணையை மடித்து அந்த இடத்தில் வைத்தேன். வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

"எனக்கும் ஒரு பை போத்தல் கொண்டா. கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."

நேரம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மதினியும் நானும் ஒரு பை போத்தலைத் தூக்கிவந்து கட்டிலில் கொட்டினோம். மடியில் லேபலைப் போட்டோம். அவர் விரல் எங்களைப் போலப் பழகியதில்லை. முதல் போத்தலுக்கு நேரம் எடுத்தார். பிறகு பிடித்துக்கொண்டார். லேபலைத் துடையில் வைத்து உருட்டுவார், வெற்றிலை சுருட்டுகிற மாதிரி. அது எங்கள் முறையைவிடச் சுறுக்காக இருந்தது. மதினி பார்த்துவிட்டுக் களத்துக்கு ஓடிப்போய் மற்றவர்களுக்குச் சொன்னாள். எல்லாரும் துடையில் உருட்டத் தொடங்கினார்கள்.

மலையில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் இரண்டு தடவை வானத்தைப் பார்த்தார். ஆனால் ஹோர்ன் அடிக்கவில்லை.

கட்டிலில் இருந்து வந்த பைதான் கடைசிப் பை. நான் தோளில் கொண்டுபோய் மிஸ்சிடம் கொடுத்தேன். மிஸ் அதை மேலே வைத்து, கீழே குனிந்து பலகையோடு கண்ணை வைத்துப் பார்த்தார். கோடு தெரியவில்லை. பை மறைத்துவிட்டது.

எங்கள் பெண்கள் கத்தினார்கள்.  கையில் எதுவும் இல்லாததால் படங்கை உதறி மடித்தேன். மறுபடி உதறி மறுபடி மடித்தேன். மதினி என் முதுகில் ஒரு அடி போட்டாள், போதும்டி என்று.

நீலக்காரன், பச்சைக்காரன் போத்தலையெல்லாம் கோட்டுக்கு மேலே ஏற்றிக் கயிறு கட்டினார்கள். மூன்று மணிக்கு லொறி நகர்ந்தது. மிஸ் முன்சீட்டில் இருந்து கை காட்டினார். வளைவு வளைவாகச் சத்தம் இறங்குகிற வரை நின்று கேட்டோம்.

கீழே பத்துப் பை திறந்து பார்த்தார்களாம். ஒரு போத்தலும் மாறி இருக்கவில்லை. கட்டிலில் இருந்து போன பையும் அந்தப் பத்தில் ஒன்றா என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்குத் தெரியாது. இருக்கும் என்று சொன்னேன். மறு மாதம் லொறி வந்தது. அதற்கு மறு மாதமும் வந்தது. லேபலை யாரும் உரிப்பதில்லை. ரோட்டு வளைவில் கம்பனி ஒரு கம்பிக் கூடும் வைத்திருக்கிறது, எறிகிறவர்கள் அதற்குள் எறிய. சிலர் எறிகிறார்கள். மற்றதை நாங்கள் பொறுக்குகிறோம். நீலக்காரனும் வரப் போகிறான் என்று மிஸ் சொன்னார்.

வீட்டுக்காரருக்கு மானாப் புல்லைக் காயவைத்துப் பையில் அடைத்துக் கொடுத்தேன். கம்பனி மூட்டைதான் நல்லா இருந்துச்சு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிறகு ஐப்பசி வந்தது. பின்னேரக் கொழுந்து நிறுக்க மடுவத்தில் வரிசையில் நின்றோம். மேற்கே கறுத்தது. முதல் துளி தகரத்தில் விழுந்தது. மழை ஊற்றியது. போன தடவை பெய்ததுபோல் இரண்டு மடங்கு இருக்கும். கூடையை மதினி பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினேன். சறுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். லயத்துப் பின்பக்கம் வந்து கானைப் பார்த்தேன். கான் விளிம்பு வரை தண்ணீர். செம்மண் தண்ணீர். நுரைத்துக்கொண்டு வந்து குழாய்க்குள் விழுந்து, ஒரு தடங்கலும் இல்லாமல் மறுபக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. நான் அப்படியே நனைந்துகொண்டு நின்று அதைப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீர், அவ்வளவு வேகம். கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது.

காம்பராவுக்குள் போனேன். தரை காய்ந்திருந்தது. அவர் ரேடியோவைச் சின்னதாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வாசலைக் கையால் காட்டினார்.

"செருப்பு அங்கனயேதான் கெடக்கு புள்ள."

பார்த்தேன். கிடந்தது. மாட்டிக்கொண்டு மறுபடி மடுவத்துக்கு ஏறினேன். என் கொழுந்து இன்னும் நிறுக்கவில்லை.